பட்டாக்காரருக்கு பணம்... பாடுபடுறவருக்கு பட்டை நாமம்! விவசாய உதவி ரூ.6 ஆயிரம் யார் கைக்கு போகுது?

சடையங்குப்பம்:-

புழல் ஏரி நிரம்பி உபரி தண்ணீர் திறந்துவிட்டால், கரையோர மக்களுக்கு அரசு விடும் எச்சரிக்கையில் சடையங்குப்பம் பெயர் இருக்கும். 2015 வெள்ளம், 2021 நவம்பர் மழை, 2023 டிசம்பர் மிச்சாங் புயல் என்று அடுத்தடுத்து அடிபட்ட பகுதி இது. தண்ணீர் வரும்போது அதிகாரிகளுக்கு ஊர் பெயர் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

ஆனால் விவசாயிக்கு பணம் கொடுக்கும்போது மட்டும் சேற்றில் நிற்கிற ஆளின் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. குத்தகைக்கு உழுகிறவர், வாரத்துக்கு பயிர் வைக்கிறவர், கோவில் நிலத்தில் பாடுபடுகிறவர் யாருக்கும் வருஷம் ரூ.6 ஆயிரம் கிடையாது. அதே நேரம் ஒரு சென்ட் நிலம் இல்லாத லட்சக்கணக்கான பேர் கணக்கில் அதே பணம் விழுந்த கூத்தும் இதே தமிழ்நாட்டில்தான் நடந்தது.

ஏன் இப்படி? பணம் மண்ணைப் பார்த்து வரவில்லை. பேப்பரைப் பார்த்து வருகிறது. பேப்பர் யார் கையில் இருக்கோ, பணமும் அவர் கையில். கோளாறு முழுக்க இங்கேதான் ஆரம்பம்.

கிராமம் போச்சு, மாநகராட்சி வந்தது

சடையங்குப்பம் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் தனி கிராம ஊராட்சி. 2011-ல் இடையன்சாவடி, கடப்பாக்கம் போன்ற ஊராட்சிகளோடு சேர்த்து சென்னை மாநகராட்சியில் இணைத்தார்கள். 2018-ல் சென்னை மாவட்ட எல்லையை பெரிதாக்கியபோது வருவாய்த்துறை கணக்கிலும் சென்னை ஆனது.

ஊரைச் சுற்றி கன்டெய்னர் யார்டுகளும் குடோன்களும் வந்துவிட்டன. ஒரு பக்கம் மணலி தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு. கொஞ்சம் தள்ளி வெள்ளிவாயல், மீஞ்சூர் பக்கம் போனால் இன்னும் நெல் வயல் இருக்கிறது. கடல் தண்ணீர் நிலத்தடியில் புகுந்து மீஞ்சூர் வட்டாரத்தில் கிணறுகள் உப்பானது தனிக்கதை.

இந்த மாதிரி ஊரில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. 'ஊர் மாநகராட்சி ஆயிடுச்சு, இனிமே விவசாயி உதவி எல்லாம் கிடையாது' என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டி விடுகிறார்கள். அது தப்பு.

பிரதமரின் கிசான் திட்ட விதியில் கிராமம், நகரம் என்ற பேதம் இல்லை. நகரத்துக்குள் இருக்கும் நிலமாக இருந்தாலும், அதில் உண்மையிலேயே சாகுபடி நடந்தால் அதன் சொந்தக்காரருக்கு பணம் உண்டு. நிலத்தை வேறு வேலைக்கு திருப்பி விட்டால் இல்லை. அதாவது வயலாக இருந்தால் உண்டு, கன்டெய்னர் அடுக்கினால் கிடையாது.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் இப்போது நாற்று நிற்கிறதா, லாரி நிற்கிறதா என்று பட்டாவைப் பார்த்தால் தெரியாது. நேரில் போய் பார்த்தால்தான் தெரியும். அந்த நேரில் போகிற வேலையில்தான் ஓட்டை.

என்ன திட்டம், யாருக்கு பணம்?

2019 பிப்ரவரி 24-ந்தேதி உத்தரபிரதேச மாநிலம் கோரக்பூரில் பிரதமர் மோடி தொடங்கி வைத்த திட்டம் இது. வருஷத்துக்கு ரூ.6 ஆயிரம். 4 மாதத்துக்கு ஒருமுறை ரூ.2 ஆயிரம் வீதம் 3 தவணையாக நேராக வங்கிக் கணக்கில் விழும்.

முதலில் 2 எக்டேர், அதாவது 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2019 ஜூன் முதல் அந்த வரம்பும் போனது. நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு என்று மாற்றினார்கள்.

வருமான வரி கட்டுபவர், எம்.எல்.ஏ., எம்.பி., மேயர், அரசு ஊழியர், மாதம் ரூ.10 ஆயிரமோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர், டாக்டர், வக்கீல், என்ஜினீயர் ஆகியோருக்கு இல்லை. கடைநிலை அரசு ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பணம்தான்.

இன்னொரு முக்கிய கண்டிஷன்: 2019 பிப்ரவரி 1-ந்தேதி நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு கிடையாது. அப்பா இறந்து வாரிசாக நிலம் வந்திருந்தால் உண்டு.

இந்த லிஸ்ட்டில் 'யார் உழுகிறார்' என்ற கேள்வியே இல்லை. 'யார் பேரில் இருக்கு' என்ற கேள்விதான் இருக்கு.

தினக்கணக்கு போட்டால் இந்த ரூ.6 ஆயிரம் நாளுக்கு 16 ரூபாய் சொச்சம்தான். ஒரு டீ, ஒரு வடை. ஆனாலும் நடவு நேரத்தில் ரூ.2 ஆயிரம் மொத்தமாக கையில் வந்தால் 7 மூட்டை யூரியா வாங்கலாம். வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம். குத்தகைக்காரருக்கு அது பெரிய விஷயம். அவருக்குத்தான் அது இல்லை.

2020-ல் நடந்த கோல்மால்

கொரோனா ஊரடங்கு நேரம். எடப்பாடி பழனிசாமி முதல்-அமைச்சராக இருந்தார். 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் திடீரென்று 'விவசாயிகள்' எண்ணிக்கை எகிறியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை என்று வடமாவட்டங்களில் லட்சக்கணக்கில் புதுப் பெயர்கள் சேர்ந்தன.

தோண்டிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. சரிபார்த்த 5 லட்சத்து 95 ஆயிரம் கணக்குகளில் 5 லட்சத்து 38 ஆயிரம் கணக்குகள் தகுதியே இல்லாதவை! சுருட்டப்பட்ட தொகை ரூ.110 கோடி என்று அப்போதைய வேளாண்துறை செயலாளர் ககன்தீப் சிங் பேடி 2020 செப்டம்பரில் அறிவித்தார்.

எப்படி நடந்தது? ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று வசதி செய்திருந்தார்கள். அந்த விண்ணப்பத்துக்கு மாவட்ட அளவில் அதிகாரி தனது ஐ.டி., பாஸ்வேர்டு போட்டு 'ஓ.கே.' கொடுக்க வேண்டும். அந்த ஐ.டி.யும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்கள், ஏஜெண்டுகள் கைக்கு போய்விட்டது. சாவியே திருடன் கையில். அப்புறம் பூட்டு இருந்து என்ன பிரயோஜனம்?

ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய் ஆதார் அட்டை, பாஸ்புக் நகல் வாங்கினார்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி வாங்கியதாகவும் புகார் வந்தது. பணம் விழுந்ததும் கமிஷனை கறந்து கொண்டார்கள்.

முதல் கட்டமாக 80 பேர் வேலையில் இருந்து நீக்கப்பட்டார்கள். 34 பேர் சஸ்பெண்ட். ஏஜெண்டுகள் 18 பேர் கைது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போனது. 13 மாவட்டங்களில் வழக்கு பதிவானது.

மாட்டியது யார்?

இங்கேதான் ஏழைகள் கவனிக்க வேண்டிய விஷயம். பணத்தை திரும்ப எடுக்க அதிகாரிகள் எங்கே போனார்கள்? பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கோ அவரிடம்தான். கணக்கை முடக்கி பணத்தை திரும்ப எடுத்தார்கள். அறிவிப்பு வந்த செப்டம்பர் தொடக்கத்திலேயே ரூ.32 கோடி இப்படி வசூலாகிவிட்டது.

கமிஷன் வாங்கிய ஏஜெண்டு பெயர் எந்தப் பாஸ்புக்கிலும் இல்லை. கையெழுத்து போட்ட கூலித் தொழிலாளி பெயர்தான் இருக்கிறது. அவர் கைக்கு முழு பணமும் வரவில்லை. ஆனால் திருப்பிக் கட்டும்போது முழுத் தொகையும் அவர் தலையில். திட்டம் போட்டவன் வேறு, தண்டம் கட்டியவர் வேறு.

இது தமிழ்நாட்டு கதை மட்டும் இல்லை. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே ஒரு கணக்கு கொடுத்தது. நாடு முழுக்க தகுதி இல்லாத 42 லட்சம் பேருக்கு ஏறக்குறைய ரூ.3 ஆயிரம் கோடி போயிருக்கிறது. அதில் முதல் இடம் அசாம், 8 லட்சத்து 35 ஆயிரம் பேர். இரண்டாவது இடம் தமிழ்நாடு, 7 லட்சத்து 22 ஆயிரம் பேர். பஞ்சாப், மராட்டியம் எல்லாம் அதற்கும் கீழே. தமிழ்நாட்டில் இருந்து வர வேண்டிய தொகை மட்டும் ரூ.340 கோடி.

பஞ்சாப், அசாமில் பல பேர் வருமான வரி கட்டுகிறவர்கள். கையில் நாலு காசு உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 2020-ல் சிக்கியவர்களில் நிலமே இல்லாத ஏழைகள் ஏராளம். வித்தியாசம் இதுதான்.

கதவை அடைத்தார்கள்... யார் வெளியே நின்றார்கள்?

அடி வாங்கிய பிறகு அரசு உஷாரானது. 2022 முதல் இ-கே.ஒய்.சி. கட்டாயம். ஆதாரோடு வங்கிக் கணக்கை இணைக்க வேண்டும். நில ஆவணத்தை பதிவோடு இணைக்க வேண்டும். 2025-ல் விவசாயிகளுக்கு தனி அடையாள எண் கொடுக்க தமிழ்நாடு முழுக்க முகாம் போட்டார்கள்.

2025 நவம்பர் 19-ந்தேதி கோவையில் வைத்து 21-வது தவணையை பிரதமர் விடுவித்தார். நாடு முழுக்க 9 கோடி பேருக்கு ரூ.18 ஆயிரம் கோடி. தமிழ்நாட்டில் பயன் பெற்றவர்கள் 20 லட்சத்துக்கு மேல்.

ஆனால் தமிழ்நாட்டில் நில உடைமைகள் எத்தனை தெரியுமா? 2015-16 விவசாய கணக்கெடுப்புப்படி 79 லட்சத்துக்கு மேல். ஒரு உடைமைக்கு சராசரி நிலம் 0.75 எக்டேர்தான், 2 ஏக்கருக்கும் குறைவு. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உடைமை இருக்கும், விதிப்படி விலக்கப்பட்டவர்களும் இருப்பார்கள், அதெல்லாம் சரி. அப்படியும் இடைவெளி கொஞ்சமா நஞ்சமா?

தாத்தா பெயரில் பட்டா, அனுபவிப்பது பேரன் என்றால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சேர்த்து கூட்டுப் பட்டா என்றால் சிக்கல். ஆதாரில் ஒரு எழுத்து, பட்டாவில் ஒரு எழுத்து என்றாலும் சிக்கல். விரல் ரேகை தேய்ந்து போன வயதானவர்களுக்கு மிஷின் முன்னால் நிற்பதே தண்டனை.

கள்ளனுக்கு போட்ட வேலியில் சொந்தக்காரரும் மாட்டிக்கொள்கிறார். ஆனால் அவருக்காவது பேப்பரை சரி செய்தால் வழி உண்டு. குத்தகைக்காரருக்கு சரி செய்ய பேப்பரே கிடையாது.

கோவில் நிலமும் குத்தகையும்

தமிழ்நாட்டில் கோவில்களுக்கு மட்டும் 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. இதில் பயிர் வைப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக குத்தகைக்காரர்கள். பட்டா சாமி பெயரில். சாமிக்கு ஆதார் இல்லை. உழுகிறவருக்கு பட்டா இல்லை. ஆக, ரெண்டு பேருக்கும் பணம் இல்லை.

தனியார் நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். சொந்தக்காரர் அண்ணாநகரிலோ ஆவடியிலோ இருப்பார். விவசாய உதவி அவர் கணக்கில் விழும். பயிர் வைக்கிறவர் வாய்ப்பேச்சு குத்தகையில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

எழுதிக் கொடுக்க சொந்தக்காரர் பயப்படுவதற்கும் காரணம் இருக்கு. 1955-ல் வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டம், 1969-ல் வந்த குத்தகை உரிமை பதிவு சட்டம் இரண்டும் குத்தகைக்காரரை காப்பாற்ற வந்தவை. பெயர் பதிவாகிவிட்டால் நிலத்தை விட்டு எழுப்ப முடியாதே என்று சொந்தக்காரர் பதிவே செய்ய விடுவதில்லை. காப்பாற்ற வந்த சட்டத்துக்கு பயந்தே குத்தகைக்காரர் கணக்கில் வராமல் போகிறார்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? தெலுங்கானாவில் 2018-ல் வந்த ரைத்து பந்து திட்டமும் நில சொந்தக்காரருக்குத்தான். ஏக்கர் கணக்கில் கொடுத்ததால் பெரிய பண்ணையாருக்கு பெரிய பணம். ஒடிசாவில் காலியா திட்டத்தில் நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் வாரத்துக்கு உழுகிறவர்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019-ல் வந்த ரைத்து பரோசாவில் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை குத்தகைக்காரர்களுக்கு தனி அட்டை கொடுத்து பணம் போட்டார்கள். ஆக, மனசு வைத்தால் முடியும்.

பக்கத்திலேயே பாடம் இருக்கு

ஒடிசா வரை போவானேன்? எண்ணூர், காசிமேட்டைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடை. அந்த நேரத்தில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் ரூ.8 ஆயிரம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்த உயர்வு இது. இந்தப் பணத்துக்கு 'போட் உன் பேர்ல இருக்கா' என்று கேட்பதில்லை. மீனவர் என்று பதிவு இருந்தால் போதும். ஓனருக்கும் உண்டு, போட்டில் வேலைக்கு போகிறவருக்கும் உண்டு.

கடலில் தொழில் செய்கிறவரை தொழிலாளியாகப் பார்க்க முடிகிறது. வயலில் தொழில் செய்கிறவரை மட்டும் பட்டா வழியாகத்தான் பார்க்க முடியும் என்றால் என்ன நியாயம்?

மணலியிலேயே இன்னொரு உதாரணம். எம்.எப்.எல். எனப்படும் மத்திய அரசின் சென்னை உரத் தொழிற்சாலை இங்கேதான் யூரியா தயாரிக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு ரூ.266.50. மானியம் இல்லை என்றால் ரூ.2 ஆயிரத்துக்கு மேல் போகும். மீதியை மத்திய அரசு உர கம்பெனிகளுக்கு கொடுக்கிறது. 2022-23-ல் உர மானியம் மட்டும் நாடு முழுக்க ரூ.2½ லட்சம் கோடியைத் தாண்டியது. கிசான் திட்டத்துக்கு வருஷம் ஒதுக்குவது ரூ.60 ஆயிரம் கோடி சொச்சம்தான்.

2018 முதல் உரக்கடையில் கைரேகை மிஷின் வைத்துவிட்டார்கள். மூட்டை விற்பனை ஆனால்தான் கம்பெனிக்கு மானியம். வாங்குகிறவர் கைரேகை வைத்தால் போதும், பட்டா வேண்டாம். அதனால் குத்தகைக்காரரும் மலிவு உரம் வாங்குகிறார்.

கம்பெனிக்கு போகிற மானியத்தில் குத்தகைக்காரர் கைரேகை செல்லும். அவருக்கே வர வேண்டிய பணத்தில் மட்டும் அவர் கைரேகை செல்லாது!

அடங்கலைப் பாருங்கள்

உழுகிறவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், இருக்கு. அது இன்று நேற்று வந்ததும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல் பதிவேடுதான் அது. எந்த சர்வே எண்ணில், இந்த பசலியில், என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுத வேண்டிய கணக்கு அது.

பயிர் காப்பீட்டுக்கு குத்தகைக்காரரும் அடங்கல் காட்டி பதிவு செய்யலாம். மிச்சாங் புயலில் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு எக்டேருக்கு ரூ.17 ஆயிரம் அறிவித்தபோதும், எந்த வயல், என்ன பயிர், எவ்வளவு சேதம் என்று கணக்கெடுத்துத்தான் பணம் நிர்ணயித்தார்கள். காப்பீட்டுக்கு செல்லும் அடங்கல் கிசான் பணத்துக்கு மட்டும் செல்லாது என்பது விசித்திரம்.

அடங்கலும் ஒழுங்காக எழுதப்பட்டால்தான் பிரயோஜனம். ஆபீசில் உட்கார்ந்து போன வருஷ கணக்கை பார்த்து எழுதினால் அதுவும் இன்னொரு பட்டாதான். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கிவிட்டு சர்ச்சையானது. பிள்ளைகள் பாம்பு, பூச்சிக்கு நடுவே அல்லாடினார்கள். வேலை யாருடையது என்றே முடிவாகாமல் சர்வே நடந்தால் குத்தகைக்காரர் பெயர் எப்படி ஏறும்?

தேவை ரெண்டே ரெண்டு. ஒன்று, வயலுக்கு நேரில் போய் யார் பயிர் வைக்கிறார் என்று எழுதுவது. இரண்டு, அந்தப் பெயர் ஏறியதால் சொந்தக்காரரின் பட்டாவுக்கு ஆபத்து இல்லை என்று சட்டத்தில் தெளிவாக சொல்வது. பயம் போனால் பெயர் ஏறும். பெயர் ஏறினால் பணம் வரும். கன்டெய்னர் நிற்கும் நிலத்துக்கு விவசாய பணம் போவதும் அதே சர்வேயில் நின்றுவிடும்.

மக்கள் கவனத்துக்கு...

* நிலம் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் சாகுபடி நடந்தால், மற்ற தகுதிகளும் இருந்தால் சொந்தக்காரர் விண்ணப்பிக்கலாம்.

* தவணை நின்று போயிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மூன்று: இ-கே.ஒய்.சி. முடிந்ததா, ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்ததா, நில விவரம் ஏறியிருக்கிறதா. கிசான் இணையதளத்தில் பதிவு எண் போட்டு பார்க்கலாம். உதவி எண் 155261.

* அப்பா, தாத்தா பெயரில் பட்டா இருந்தால் வாரிசு சான்று வாங்கி பெயர் மாற்றுவதுதான் முதல் வேலை.

* குத்தகைக்காரர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிசான் பணத்துக்கு இன்று செல்லாவிட்டாலும் பயிர் காப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

* நிலம் இல்லாதவர்கள், 'அரசு பணம் வாங்கித் தர்றேன்' என்று யார் வந்தாலும் ஆதார், பாஸ்புக், ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். கிசான் பெயரில் வாட்ஸ்-அப்பில் வரும் லிங்க்கை தொடாதீர்கள். 2020-ல் பாஸ்புக் கொடுத்தவர்கள்தான் கடைசியில் பணத்தை திருப்பிக் கட்டினார்கள்.

அடுத்த மழைக்கு ஏரி திறக்கும்போது தண்ணீர் பட்டா கேட்டு வராது. பயிர் வைத்தவர் வயலில்தான் நேராக புகும். நஷ்டத்துக்கு சரியாக ஆளைக் கண்டுபிடிக்கிறது வெள்ளம். உதவிக்கும் அதே ஆளைக் கண்டுபிடிக்க அரசுக்கு எத்தனை வருஷம் வேண்டும்?